மாலை போட்டீர்கள், மறுகா?

வாகரையைப் பற்றி எழுதினவருக்கு உலகம் விருது கொடுத்தது. வாகரைக்கு என்ன கொடுத்தது? இத்தனை வருசமாக நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கிற கேள்வி. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஏலாது.

2006 நவம்பர் 8. வாகரைப் பக்கத்துக் கதிரவெளிப் பள்ளிக்கூடம். ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து செல்லடிக்குப் பயந்து ஓடி வந்த சனம் அங்கே தங்கியிருந்தது. பள்ளிக்கூடம்தானே, இங்கே அடிக்கமாட்டார்கள் என்று நம்பின சனம். இராணுவத்தின் செல் அங்கேயும் வந்து விழுந்தது. 40க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் பிள்ளைகளும் இருந்தார்கள். காயப்பட்டவர்கள் 100க்கும் மேல்.

அந்த மாதம் ஜே. எஸ். திசநாயகம், 'நோர்த் ஈஸ்டர்ன் மந்த்லி' என்ற ஆங்கில இதழில் வாகரையைப் பற்றி எழுதினார். சனத்தின் மேல் விழுகிற செல்லையும் அவர்களுக்குச் சாப்பாடு போகவிடாமல் மறிப்பதையும் எழுதினார். 2008 மார்ச்சில் அவரைப் பிடித்தார்கள். 2009 ஓகஸ்ட் 31 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 20 வருசக் கடூழியச் சிறை. எழுதினதற்கு! செல்லடித்ததற்கு ஒருவனுக்கு ஒரு நாள் சிறை உண்டா?

அவர் சிறையில் இருக்கும்போதே, அந்த வருசக் கடைசியில், நியூயோர்க்கில் ஊடகவியலாளர் பாதுகாப்புக் குழு அவருக்குச் சர்வதேசப் பத்திரிகைச் சுதந்திர விருது கொடுத்தது. 2010 இல் பொதுமன்னிப்பு வந்தது. விருதை நான் குறை சொல்லவில்லை. அந்த மனிசனை வெளியே கொண்டுவர அதுவும் ஒரு கை கொடுத்திருக்கும். செய்தி கேட்ட அன்று நான் அழுதேன். எங்கள் சனத்துக்காகச் சிறைக்குப் போனவர் அல்லவா?

ஆனால் அம்மாவிடம் அந்தச் செய்தியைச் சொன்னபோது அவ கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் மறுமொழி இல்லை.

"மறுகா என்னகா நடந்தது, புள்ள? அவர் எழுதின சனத்துக்கு?"

மறுகா என்றால் எங்கள் ஊரில் பிறகு. பிறகு ஒன்றும் நடக்கவில்லை, அம்மா. மண்டபம் நிறையக் கைதட்டினார்கள். கைதட்டினவர்களில் ஒருவராவது, இவர் எழுதினது உண்மையென்றால் அதைச் செய்தவன் எங்கே என்று கேட்டாரா? சாட்சிக்கு மாலை போட்டார்கள். சாட்சி சொன்னதை எந்த நீதிமன்றம் கேட்டது?

நாங்கள் மட்டக்களப்பின் படுவான்கரை. 1990 இல் வாவியைத் தாண்டி எழுவான்கரைக்கு ஓடி ஓர் அகதி முகாமில் இருந்தோம். அங்கிருந்துதான் என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். சாரத்தோடு போனவன். அம்மா சேர்ட் எடுத்துக்கொண்டு வருவதற்குள் வாகனம் போய்விட்டது. பிறகு காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆணைக்குழு என்று வந்தார்கள். இன்னொன்று வந்தது. ஒவ்வொரு தரமும் அதே படம், அதே பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு. ஓரிடத்தில் ஆடு தரட்டா, கோழி தரட்டா, மரணச் சான்றிதழ் எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். மகனைக் கேட்டுப் போனவளுக்கு ஆடு!

அந்த 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. நாலு நாளில் சத்துருக்கொண்டான் படுகொலை. அதற்கு முந்தின மாதம், ஓகஸ்ட் 3 அன்று, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்களைச் சுட்டது விடுதலைப் புலிகள். 100க்கும் மேற்பட்டவர்கள். இதைச் சொல்லாமல் என் அண்ணனுக்கு மட்டும் நீதி கேட்க எனக்கு நாக்கு வராது. காத்தான்குடி உம்மாவுக்கும் யார் பதில் சொன்னது?

அந்த 1990 ஐ வைத்துக் கொழும்பில் நடக்கிற கதையாக ஷெஹான் கருணாதிலக எழுதின நாவலுக்கு 2022 இல் புக்கர் பரிசு கிடைத்தது. செத்துப்போன ஒரு போர்ப் படப்பிடிப்பாளனின் கதை. நல்ல எழுத்து, பரிசு பெற வேண்டிய எழுத்து. செத்தவன் பேசுகிற கதையை உலகம் விரும்பி வாசிக்கிறது. உயிரோடு இருந்து பேசுகிற தாயை ஏன் கேட்கமாட்டேன் என்கிறது?

விஞ்ஞானம் என்று பேசுவீர்கள். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் எஸ். ரவீந்திரநாத், 2006 டிசெம்பர் 15 அன்று இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் மாநாட்டுக்குப் போன இடத்தில், கொழும்பின் உயர்பாதுகாப்பு வலயத்தில், காணாமல் போனார். அதற்கு முன்பே, அவர் பதவி விலகவேண்டும் என்று கேட்டு, கலைப்பீடாதிபதியைக் கடத்தி வைத்து மிரட்டியிருந்தார்கள். மாநாடு முடிந்தது. விஞ்ஞானிகள் வீட்டுக்குப் போனார்கள். அவர் வரவே இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவரையே மறந்து இருக்க முடிந்த படித்த உலகத்துக்கு என் அண்ணன் எம்மாத்திரம்?

சமாதானம்? 2001 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு ஐக்கிய நாடுகள் சபைக்கும் கோபி அனானுக்கும். 2008 செப்டெம்பரில் அதே சபை வன்னியை விட்டு வெளியேறியது. போகாதீர்கள் என்று கிளிநொச்சியில் அவர்களின் வாசலில் நின்று சனம் கெஞ்சியது. 2012 இல் சபையே வைத்த உள்ளக விசாரணை, சனத்தைக் காப்பாற்ற நாங்கள் தவறிவிட்டோம் என்று எழுதியது. தவறினதற்கு யார் என்ன கொடுத்தார்கள்? கொடுத்த பரிசை ஒரு நாளைக்காவது மேசையில் திருப்பி வைத்தார்களா?

பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவுக்கு யுனெஸ்கோ 2009 இல், அவர் கொல்லப்பட்ட பிறகு, பத்திரிகைச் சுதந்திரப் பரிசு கொடுத்தது. அவரைக் கொன்றவனுக்கு இன்றுவரை தண்டனை இல்லை. எங்கள் மட்டக்களப்பில் 2004 மே 31 அன்று, வேலைக்குப் போகிற வழியில் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசனைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருசம் இந்த மண்ணின் பிள்ளை, பத்திரிகையாளர் சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். பரிசு வந்த சாவுக்கும் வராத சாவுக்கும் ஒரே முடிவுதான். கொலைகாரன் வீட்டில் நிம்மதியாகச் சோறு தின்கிறான்.

2017 இல் கெத்சி சண்முகம் அம்மாவுக்கு மகசேசே விருது வந்தபோது மனம் குளிர்ந்தது. போரில் துணையை இழந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்தில் இருந்து அவர்கள் பேசுவதைக் கேட்ட மனிசி. கேட்கத் தெரிந்த ஒருத்திக்கு மரியாதை செய்தீர்கள். நீங்கள் எப்போது கேட்கப்போகிறீர்கள்?

எழுதுகிறவனுக்கும் ஆற்றுகிறவளுக்கும் கொடுங்கள், நிறையக் கொடுங்கள். ஆனால் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறீர்களே, அதுதான் எங்களைத் திரும்பவும் கொல்லுது. அடுத்த மேடையில் எங்கள் ஊரின் பெயரைச் சொல்லும்போது, கதிரவெளியில் செத்தவர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசியுங்கள். வாசித்து முடித்து, முன்வரிசையில் இருக்கிற தூதுவர்களையும் மந்திரிமாரையும் பார்த்து, என் அம்மா கேட்டதைக் கேளுங்கள். மறுகா என்ன செய்தீர்கள்? வழக்கு எங்கே?