பேச்சு நின்றுபோன ஊரில் நட்சத்திரம் காட்டியவர்கள்

“வேற்றுக் கிரகத்து ஆளுக நாளைக்கே வந்து இறங்கினா, நம்ம சார்பா யாரு சார் பேசுவாங்க?” இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களுக்குத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போகும் எங்களிடம் பிள்ளைகள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. எங்களிடம் பதில் தயாராக இருக்கும். 1977இல் புறப்பட்ட இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் பொன்முலாம் பூசிய செப்புத் தட்டு ஒன்று இருக்கிறது. கார்ல் சேகன் தலைமையிலான குழு அதில் 55 மொழிகளில் வாழ்த்தைப் பதிந்து அனுப்பியது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை. அந்த இடத்துக்கு வரும்போது எங்கள் குரல் தழுதழுக்கும். பிள்ளைகளும் ஆதங்கப்படுவார்கள். அதோடு கூட்டம் கலையும்.

அந்த ஆதங்கம் பொய்யில்லை. ஆனால் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தால், ஒலிவாங்கிக்கு முன்னால் எந்தத் தெருவின் ஆளை நிறுத்தியிருப்போம் என்று நாங்கள் ஒரு நாளும் எங்களையே கேட்டுக்கொண்டதில்லை. தொலைநோக்கியை எந்தத் தெருவில் நிறுத்துகிறோம் என்பதையும் யோசித்ததில்லை. ஊர்ப் பெரியவர்கள் காட்டிய இடத்தில் நிறுத்தினோம். பெரும்பாலும் அது ஊருக்கு நடுவில் இருக்கும். காலனிப் பிள்ளைகள் இருட்டில் அடுத்த தெருவைக் கடந்து வர வேண்டும். சிலர் வந்தார்கள். வரிசையின் கடைசியில் நின்றார்கள். அவர்கள் முறை வருவதற்குள் மேகம் மூடிவிடும், அல்லது வேன்காரர் நேரமாகிவிட்டது என்பார். நாங்களும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி, கிராமத்துப் பிள்ளைகள் திரளாகக் கலந்துகொண்டதாக அறிக்கை எழுதினோம். வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்பதற்கு அந்த அறிக்கையில் இடமே விடவில்லை.

இதை வேறு எந்த ஊரில் செய்திருந்தாலும் தவறுதான். முதுகுளத்தூரில் செய்தது பெருந்தவறு. இரு தரப்பு மனிதர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு என்ன விலை என்று இந்த மண்ணுக்குத் தெரியும். 1957 ஜூலையில் நடந்த இடைத்தேர்தலைத் தொடர்ந்து இந்தச் சீமை கொதித்துக் கிடந்தது. செப்டம்பர் 10ஆம் தேதி மாவட்ட ஆட்சியர் முதுகுளத்தூரில் சமாதான மாநாட்டைக் கூட்டினார். மறவர், நாடார், தேவேந்திரர் என எல்லாத் தரப்பினரும் வந்தார்கள். தேவேந்திரர் தரப்பில் வந்தவர்களில் ஒருவர் இம்மானுவேல் சேகரன். முதுகுளத்தூருக்குப் பக்கத்திலுள்ள செல்லூரில் பிறந்தவர், இராணுவத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர், தன் மக்கள் எவர் முன்னும் கூனிக்குறுகி நிற்கக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். மறுநாள் இரவு பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அவருக்கு 33 வயது நிறையவில்லை. செப்டம்பர் 14ஆம் தேதி கீழத்தூவலில் மறவர் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அடுத்து வந்த நாட்களில் வீடுகள் எரிந்தன, இரு பக்கமும் பிணங்கள் விழுந்தன. 2011இல், அதே செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரனின் நினைவு நாளுக்காகப் பரமக்குடியில் கூடியிருந்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஆறு பேர் இறந்தார்கள்.

இவ்வளவு நடந்த மண்ணில் நாங்கள் என்ன செய்தோம்? அது அரசியல், நமக்கு அறிவியல் என்று ஒதுங்கினோம். செப்டம்பர் 11 வரும், பரமக்குடி முழுக்கக் காக்கி நிற்கும். அக்டோபர் 30 வரும், தேவர் குருபூஜைக்காகப் பசும்பொன் போகிற சாலையெல்லாம் காக்கி நிற்கும். “அந்த ரெண்டு மாசமும் நிகழ்ச்சி வேண்டாம்” என்பது எங்களுக்குள் எழுதாத விதி. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச மிகவும் தேவையான மாதங்களிலேயே நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். சூரியக் கிரகணத்துக்கு மட்டும் எங்களுக்குத் தயக்கமே இருந்ததில்லை. 2010 ஜனவரி 15இல் கங்கண சூரிய கிரகணம் பார்க்க நாட்டின் பல பக்கத்திலிருந்தும் இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். ராகுவும் கேதுவும் சூரியனை விழுங்கவில்லை, இது வெறும் நிழல் என்று மூடநம்பிக்கைக்கு எதிராகத் தொண்டை வற்றப் பேசினோம். இன்னாரைத் தொட்டால் தீட்டு என்பதும் மூடநம்பிக்கைதான். அதைப் பற்றி அதே தொண்டையால் பேசியிருக்க வேண்டும்.

அப்துல் கலாம் கதையை நாங்கள் சொல்லாத பள்ளி இந்த மாவட்டத்தில் அநேகமாக இருக்காது. இராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பில், கோயில் குருக்களின் மகன் ராமநாத சாஸ்திரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலாமைப் புதிதாக வந்த ஆசிரியர் பின் பெஞ்சுக்கு அனுப்பினார். குருக்கள் லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்துப் பிஞ்சு மனங்களில் விஷத்தைப் பரப்பாதீர்கள் என்று கண்டித்தார். கலாம் தன் வரலாற்றில் எழுதியிருப்பது இது. நாங்கள் இதை எப்போதோ நடந்து முடிந்து நல்லபடி தீர்ந்த கதையாகச் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்த வகுப்பில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்கவில்லை. பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றின் நிறத்தையும் பார்க்கவில்லை. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதி வெறியில் வெட்டுப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு குழு பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது. அந்தக் கயிறுகள் பல வருடமாக எங்கள் கண்ணெதிரே இருந்தவைதான். ஒரு நீதிபதி வந்து சொல்லும்வரை நாங்கள் காத்திருந்திருக்கக் கூடாது.

முதுகுளத்தூரை அடுத்த சித்திரங்குடிக் கண்மாய்க்கும் காஞ்சிரங்குளத்துக்கும் வலசை வரும் பறவைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். 2022இல் இரண்டும் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது விழாவாகக் கொண்டாடினோம். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊராரைப் போகிற இடமெல்லாம் பாராட்டினோம். எங்கிருந்தோ வந்த உயிருக்காகத் தன் பண்டிகையை விட்டுக்கொடுக்கத் தெரிந்த மக்கள் இவர்கள். பக்கத்துத் தெரு மனிதனுக்காகவும் இவர்களால் விட்டுக்கொடுக்க முடியும் என்று நம்பி யாராவது கேட்டிருக்க வேண்டும். அதை நாங்கள் கேட்டிருக்கலாம்.

இனி வரப்போவதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டியாயிற்று. கமுதியில் 2016இலேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. 2,500 ஏக்கரில் பலகைகள் மின்னுகின்றன. அதே சீமையில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு அலைந்ததும் அண்மைக் காலம்தான். பத்துப் பதினைந்து வருடத்தில் விண்ணிலிருந்து நிஜமாகவே ஒரு செய்தி வந்தால், அதைப் படிக்கும் கணினியும் ஆங்கிலமும் யார் வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும்? கரிமூட்டம் போடுகிறவர் மகளிடம் இருக்குமா? முண்டு மிளகாய்க் காட்டில் கூலிக்குப் பழம் பறிக்கிறவர் மகனிடம் இருக்குமா? அறிவியல் எல்லோருக்கும் பொது என்று பேசிய நாங்கள், அதைப் பொதுவாக்குகிற வேலையை யாரோ செய்வார்கள் என்று விட்டுவிட்டோம்.

இனித் தொலைநோக்கி முதலில் காலனித் திடலில் நிற்கும். ஊர்ப் பிள்ளைகள் அங்கே வந்து பார்க்கட்டும். எந்தப் பெரியவராவது முகம் சுளித்தால் அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசுவோம். செப்டம்பரிலும் அக்டோபரிலும் நிகழ்ச்சி உண்டு. சனிக் கிரகத்தின் வளையத்தை விளக்கிச் சொல்ல இரண்டு தெருப் பிள்ளைகளையும் சேர்த்தே பழக்கப்போகிறோம். இன்னொரு வேலையும் உண்டு, அதைத் தள்ளிப்போட முடியாது. 1957இல் இருபது வயதாக இருந்தவர்கள் இப்போது தொண்ணூறை நெருங்குகிறார்கள். செல்லூரிலும் கீழத்தூவலிலும் பரமக்குடியிலும் அந்த நாட்களைப் பார்த்த கண்கள் இன்னும் மீதம் இருக்கலாம். நாங்கள் அவர்களில் ஒருவர் குரலைக்கூடப் பதிவு செய்து வைக்கவில்லை. எங்களிடம் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, வண்டி இருக்கிறது, விடுமுறை நாட்களும் இருக்கின்றன. இரண்டு தெருவுக்கும் போக வேண்டும்.