ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் இவ்வளவு வலியா? அரிவாள் செல் ரத்தசோகை வருவது எப்படி?

அரிவாள் செல் ரத்தசோகையை 2047-க்குள் ஒழிக்க மத்திய அரசு 2023 ஜூலையில் திட்டம் தொடங்கியது. பாதிப்புள்ள பழங்குடியினர் பகுதிகளில், 40 வயது வரை உள்ள 7 கோடி பேரைப் பரிசோதிப்பது இலக்கு. சரி, இந்த நோய் எங்கிருந்துதான் வருது?

தொடர்பு என்றால் என்ன?

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். இதில் 574 அமினோ அமிலங்கள். எது எதோடு நெருங்கி நிற்குதுன்னு பார்த்தால் புரதத்தின் வேலை புரியும். வழக்கமாக 8 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குள் இருந்தால் 'தொடர்பு' என்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் 1 ஆங்ஸ்ட்ராம்!

சிக்கல் எங்கே?

பீட்டா சங்கிலியின் 6-வது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிடுகிறது. வாலினுக்குத் தண்ணீர் ஆகாது. ஆக்சிஜனை இறக்கியதும், பக்கத்து ஹீமோகுளோபினில் 85-வது பினைல்அலனினும் 88-வது லியூசினும் இருக்கும் பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்படியே ஒட்டி ஒட்டி நீளும் இழைகள், ரத்த அணுவை அரிவாள் போல வளைத்துவிடும். சின்ன ரத்தக்குழாய் அடைக்கும். தாங்க முடியாத வலி வரும்.

மருந்து என்ன செய்யும்?

ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, குழந்தை கருவில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபினை மீண்டும் கூட்டுகிறது. அது இழையில் சேராது, இழை நீளுவதையும் தடுக்கும்.

ஆக, பரிசோதனை செய்து அட்டை கொடுப்பது பாதி வேலைதான். அந்த ஒட்டுதலைத் தடுக்க, மலைக்கிராமத்துக்கும் மாத்திரை தடையில்லாமல் போய்ச் சேரணும்.