அறிவுரைக்கும் காலாவதி நாள் உண்டு

பல்கலைக்கழக விடுமுறை முடிந்து மாணவர்கள் திரும்பும் வாரங்களில், தம்போயில் பல வீடுகளில் ஒரே வாக்குவாதம்தான் நடக்கும். எத்தனை மணிக்கு வண்டி? யாரோடு போகிறாய்? ஏன் முன்பே சொல்லவில்லை? பெற்றோர் கேட்பார்கள். “எல்லாம் நான் பார்த்துக்கிட்டேன்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். அறைக் கதவு கொஞ்சம் சத்தமாகச் சாத்தப்படும். என் வீட்டிலும் அது நடந்தது. ஆனால், அன்று தவறு என் பக்கம் இருந்தது.

என் மகள் கெடா மாநிலம், சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஜொகூர் பாருவில் தொடங்கி புக்கிட் காயு ஹீத்தாம் வரை செல்லும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளம் 772 கிலோமீட்டர். ஏறக்குறைய அந்த நீளம் முழுவதையும் அவள் கடக்க வேண்டும். லார்க்கினில் இரவுப் பேருந்து ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். எங்கள் தலைமுறைக்கு அதுதான் புத்திசாலித்தனம். பகல் வீணாகாது, வண்டியிலேயே தூங்கிக்கொள்ளலாம், தங்குவதற்குச் செலவும் இல்லை.

கடந்த விடுமுறையின் முடிவில் மகள் வேறு கணக்குப் போட்டாள். “ராத்திரி பஸ் வேணாம்ப்பா. பகல்ல ரயில் ஏறி கோலாலம்பூர் போயிட்டு, மறுநாள் அலோர் ஸ்டாருக்குக் கிளம்புறேன்” என்றாள்.

“ஒரு நாள் வீணு, காசும் வீணு. நான் படிக்கிற காலத்துல...” என்று நான் தொடங்கினேன்.

“கெரிக்ல அந்தப் பஸ் கவிழ்ந்தது ராத்திரி ஒரு மணிக்குப்பா” என்றாள் அவள். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 ஜூன் 9ஆம் தேதி, திரெங்கானுவின் ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்கு மாணவர்களை ஏற்றிச் சென்ற வாடகைப் பேருந்து, கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். அவர்களும் விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பியவர்கள்தாம். அவர்களுடைய வீடுகளிலும் யாரோ ஒருவர், போய்ச் சேர்ந்ததும் அழைக்கச் சொல்லித்தான் வழியனுப்பியிருப்பார். அதே ஆண்டு ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் பயணிகள் இருக்கை வார் அணிவது கட்டாயமாக்கப்பட்டது.

என் காலத்து அறிவுரை அன்றைய நிலைமைக்குப் பொருந்தியது. கையில் காசு குறைவு, ரயில் மெதுவாக ஓடும், வேறு வழி இல்லை. இன்று மின்சார ரயில் ஜொகூர் பாரு வரை வந்துவிட்டது. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை மனித உடல் தூக்கத்துக்கு ஏங்கும் நேரம் என்பதும், ஓட்டுநரும் மனிதர்தான் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால், நான் பழைய விடையையே சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்துப் போத்தலைப் போல அறிவுரைக்கும் காலாவதி நாள் உண்டு. அதை யாரும் மேலே ஒட்டித் தருவதில்லை.

அப்படியென்றால் பெற்றோர் சொல்வதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா? அதுவும் சரியில்லை.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இந்நாட்டுக்கு வந்தவர். பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை உள்சட்டையில் தைத்துக்கொள்ளச் சொல்லி அவருடைய தாயார் அனுப்பினாராம். இன்று அதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால், அந்தச் சொல்லுக்குள் இருக்கும் காரணத்தைப் பாருங்கள்: கையிருப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காதே. இன்று உங்கள் பயணச்சீட்டு, பணம், விடுதி முகவரி, அப்பாவின் எண் எல்லாமே ஒரே கைப்பேசியில் இருக்கின்றன. மின்கலம் தீர்ந்துவிட்டால் நடுவழியில் நிற்பீர்கள். பணப்பையில் ஒரு 50 ரிங்கிட் தாளும், காகிதத்தில் எழுதிய இரண்டு தொலைபேசி எண்களும் இருந்தால், அதுதான் இந்தக் காலத்து உள்சட்டைப் பை.

ஆகவே, பெற்றோர் ஒன்று சொன்னால் உடனே ஏற்கவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். “ஏம்ப்பா அப்படிச் சொல்றீங்க?” என்று ஒரு முறை கேளுங்கள். காரணம் இன்றும் உயிரோடு இருந்தால், அதை இன்றைய வழியில் செய்யுங்கள். காரணமே இல்லாமல் போயிருந்தால், என் மகளைப் போல அதை எடுத்துச் சொல்லுங்கள். அவள் என்னை எதிர்த்துக் கத்தவில்லை. நடந்த ஒன்றைச் சொன்னாள். அதனால்தான் நான் கேட்டேன்.

மாணவர்களிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. பணம் கட்டிய பிறகுதான் பலர் வீட்டில் சொல்கிறார்கள். அது கலந்து பேசுவதாகாது, வெறும் அறிவிப்பு. முடிவு எடுத்தபின் கேள்விப்படும் பெற்றோருக்குப் பயப்படுவதைத் தவிர வேறு வேலை மிஞ்சுவதில்லை. அந்தப் பயம்தான் எட்டு தொலைபேசி அழைப்புகளாக உங்களைத் துரத்துகிறது.

செயலி உங்களுக்கு விலையைக் காட்டும், இருக்கையைக் காட்டும். பின்னிரவு மூன்று மணிக்கு எந்த இடத்தில் இறங்குவீர்கள், அங்கிருந்து விடுதிக்கு எப்படிப் போவீர்கள் என்று அது கேட்காது. வீட்டில்தான் கேட்பார்கள். எனவே பணம் கட்டுமுன் நான்கு விவரங்களைச் சொல்லிவிடுங்கள். எப்போது புறப்படுகிறீர்கள், எந்த வண்டி, எங்கே எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், எப்போது அழைப்பீர்கள். சொன்ன நேரத்தில் அழையுங்கள். வண்டியில் ஏறியதும் வாரை அணியுங்கள். ஓட்டுநர் கண்மூடித்தனமாக ஓட்டினால் வாய் திறந்து சொல்லுங்கள். கேட்காவிட்டால் புகார் செய்யுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் காரியங்கள் இப்போது பல. சிங்கப்பூர் செல்வதற்கான வருகை அட்டையை இலவசமாகவே நிரப்பலாம், பணம் கேட்கும் இணையத்தளங்களில் ஏமாறாதீர்கள் என்று எனக்குச் சொன்னதும் என் மகள்தான். உத்தரவு போடுவதற்கு முன் நாமும் ஒரு கேள்வி கேட்டுப் பழகலாம்.

அன்றைய வாக்குவாதம் எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். மகளின் பகல் ரயில் திட்டம் எல்லா வகையிலும் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. கோலாலம்பூரில் இரவு தங்க மலிவான விடுதி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். செந்தூலில் இருக்கும் என் தங்கை வீட்டை அவள் நினைக்கவே இல்லை. நான் அத்தைக்கு ஒரு புலனச் செய்தி அனுப்பினேன். “புள்ளைய அனுப்பு அண்ணே, தோசை மாவு இருக்கு” என்று உடனே பதில் வந்தது.

வண்டியையும் நேரத்தையும் அவள் முடிவு செய்தாள். வழியில் ஒரு வீட்டை நான் சேர்த்துக் கொடுத்தேன். மறுநாள் மாலை அவள் சிந்தோக்கிலிருந்து அழைத்தபோது, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாகவே கைப்பேசி ஒலித்தது.