மழைக்கால உப்பளம்

நாவலுக்காகக் கள ஆய்வு என்றதும் நோட்டுப் புத்தகம், கேமரா, நாலு பேரிடம் பேட்டி என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. தகவல் சேர்ப்பது இன்று பெரிய பாடே இல்லை. தூத்துக்குடி உப்பளங்களை எடுத்துக்கொள்வோம். உப்பு விளைகிற விதத்தை ஒரே நாளில் தெரிந்துகொண்டுவிடலாம். பாத்தியில் உப்புநீரைப் பாய்ச்சுகிறார்கள். வெயிலில் நீர் வற்றி உப்பு படிகிறது. அதைப் பலகையால் வாரி வரப்போரம் குவிக்கிறார்கள். பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். கண் கூசும் வெள்ளை, உப்புநீர் அரித்த பாதம் எல்லாம் முதல் நாளே கண்ணில் படும். ஆனால் வெயில் கடுமையாகுமுன் வேலையை முடிக்க விடியுமுன்பே அளத்தில் இறங்குகிறவர்கள் அவர்கள். காலைப் பலகாரம் முடித்து நிதானமாகப் போகிற எழுத்தாளர் அன்றைய வேலையின் வாலைத்தான் பார்க்கிறார். அதுவும் உரிமையாளரின் அனுமதியோடு, அவர் அனுப்பிய ஆள் பக்கத்தில் நிற்க. அந்த ஆளை வைத்துக்கொண்டு கூலியைப் பற்றி எந்தப் பெண் வாய் திறப்பாள்?

ஆளை விலக்கிவிட்டுப் பேசலாம், வழி இருக்கிறது. காலத்தை விலக்க முடியாது. கள ஆய்வின் ஆகப்பெரிய சிக்கல் இதுதான் என்பது என் கருத்து. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சில ஆண்டுகளில் அதற்கு மேலும், கைக்காசு வராது. தமிழக அரசே இத்தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது என்றால் அந்த மாதங்களின் கனம் புரியும். கடன் ஏறுவதும், நகை அடகுக்குப் போவதும், பிள்ளையின் படிப்பு நிற்பதும் அப்போதுதான். அதாவது, நாவலுக்கு வேண்டியதெல்லாம் நடப்பது உப்பே விளையாத நாட்களில். ஆய்வாளரோ வெள்ளைக் குவியலைப் பார்க்க ஏப்ரலில் ரயில் ஏறுகிறார்! உப்பளத் தொழிலாளர் வாழ்க்கையைக் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் எழுதிய ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர். நெய்தலுக்கு முற்றிலும் வெளியாள். ஆனாலும் அந்த நாவலில் அளத்தைப் போலவே வீடும் அடுப்பும் கடனும் இடம்பிடித்திருக்கின்றன. அவருடைய ‘குறிஞ்சித்தேன்’ பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியைப் பின்னணியாக்கிப் படகர் வாழ்வைத் தலைமுறைக் கணக்கில் சொல்கிறது. நீலகிரியில் குடியிருந்தவருக்கு அது கைகூடியது. ஒரு வாரம் உதகையில் அறை எடுத்துத் தங்கி அதை எழுதியிருக்க முடியாது.

அப்படியானால் அந்தந்த ஊர்க்காரர்களே எழுதட்டுமே என்பார்கள். நியாயமான வாதம்தான், கடலோர மீனவர் வாழ்வைச் சொல்லும் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ போன்ற நாவலை வெளியாள் எழுதுவது கடினம். ஆனால் 1963-இல் பிறந்த அவரது நாவல் 1930-களில் தொடங்குகிறது. தான் பிறக்குமுன் இருந்த ஊர் ஊர்க்காரருக்கும் அயலூர்தான். அவரும் பெரியவர்களிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். மண்ணில் பிறந்ததால் மொழி கிடைக்கிறது, பேச்சில் நம்பிக்கை கிடைக்கிறது. காலத்தைத் தேடும் வேலை மட்டும் அவருக்கும் மிச்சமிருக்கிறது. இன்னொரு சாரார், கற்பனை இருக்க ஆய்வு எதற்கு என்று காஃப்காவைக் காட்டுவார்கள். அமெரிக்காவுக்குப் போகாமலே அவர் அமெரிக்கா பற்றி நாவல் எழுதினார். சுதந்திர தேவியின் கையில் தீப்பந்தத்துக்குப் பதில் வாளைக் கொடுத்தார். உண்மை. ஆனால் அதைப் படித்துவிட்டு நியூயார்க் துறைமுகத்தில் கூலி எவ்வளவு என்று யாரும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. ஊரின் பெயரையும் தொழிலின் பெயரையும் உள்ளபடி எழுதுகிறவர் வாசகரிடம் ‘இது நடக்கிறது’ என்று சொல்கிறார். அந்தச் சொல்லுக்கு அவர் கடன்பட்டவர். செயற்கைக்கோள் படத்தில் ஊரைப் பார்த்துவிடலாம் என்கிற வாதத்துக்குப் பெரிய பதில் தேவையில்லை: அதில் பாத்திகள் அழகழகான சதுரங்களாகத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

அடுத்த நாவலுக்குத் தூத்துக்குடியை யோசித்து வைத்திருப்பவர்கள் ஏப்ரலில் ஒரு முறை போய் வாருங்கள். நவம்பரிலும் போங்கள். அப்போது அளத்துக்குப் போக வேண்டாம். தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் அடகுக்கடைக்கும் போங்கள்.