சாவிக்கொத்தில் இல்லாத சாவி

"என்கிட்ட மறைக்கிறதுக்கு உனக்கு என்ன இருக்கு?"

கவிதை வரைவுகள் இருந்த ஜிப் கோப்புக்கு நான் பாஸ்வேர்டு போட்ட அன்று என் வீட்டில் எழுந்த கேள்வி. கேட்டவரின் கைப்பேசி அவர் விரல் பட்டால் மட்டுமே திறக்கும். அதற்குப் பெயர் பாதுகாப்பு. நான் பூட்டினால் அது கள்ளத்தனம்.

இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் பெண்ணை வீட்டுக்கு அரசி என்று புகழ்ந்த சமூகம் இது. அந்தக் கொத்தில் நெல் அறைக்குச் சாவி இருந்தது, நகைப்பெட்டிக்கு இருந்தது. அவளுக்கு வந்த கடிதத்தைப் பூட்டிவைக்க ஒன்று இருந்ததா? வீட்டுச் சொத்துக்குக் காவல் நின்றாள், சம்பளம் இல்லாமல்.

ஆகவே பூட்டத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பூட்டு? ஜிப்பின் பழைய மறையாக்க முறையை உடைக்கும் வழியை பிகாம், கோச்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1994லேயே காட்டிவிட்டார்கள். உள்ளே வைத்த ஒரு கோப்பின் பூட்டாத நகல் வெளியே கிடைத்தால் மற்றவற்றையும் திறந்துவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப்பில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தால் இன்றும் முதலில் வந்து நிற்பது அந்தப் பழைய முறைதான். ஏ.இ.எஸ்-256 என்று நாம்தான் மாற்ற வேண்டும்.

கணினிப் புத்தகங்கள் முகம் தெரியாத திருடனுக்குப் பயப்படச் சொல்கின்றன. நமக்கு வாய்த்தவர்களுக்கோ நம் பிள்ளையின் பிறந்தநாளும் நாம் படித்த பள்ளியும் மனப்பாடம். (பாதிப் பேரின் பாஸ்வேர்டு கல்யாணத் தேதியாகத்தான் இருக்கும், கைதூக்கச் சொல்லவில்லை.) ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வையுங்கள். மறந்தால் மீட்டுத்தர ஆளில்லை. பூட்டியபின் மூலக் கோப்பை அழியுங்கள், குப்பைத்தொட்டியிலிருந்தும்.

இவ்வளவு தெரிந்த நான் ஒன்றைச் சொல்லத் தவறினேன்.

ஆய்வு மாணவி ஒருத்தி. நெறியாளர் நள்ளிரவுகளில் அனுப்பிய செய்திகளைப் படம் பிடித்து வைத்திருந்தாள், உள்ளகப் புகார்க் குழுவிடம் கொடுக்க. வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணினி. "ஜிப் பண்ணிப் பூட்டிடும்மா" என்றேன். பூட்டினாள். அண்ணனால் ஒரு படத்தைக்கூடத் திறக்க முடியவில்லை. திறக்க வேண்டிய தேவையும் வரவில்லை. ஜிப்பைச் சொடுக்கினால் உள்ளே இருப்பவற்றின் பெயர்கள் பாஸ்வேர்டு கேட்காமலே வரிசையாகத் தெரியும்: 'கைடு மெசேஜ் 1' முதல் 'கைடு மெசேஜ் 14' வரை, தேதியோடு. அவனும் அதே கேள்வியைத்தான் கேட்டான். மறுநாளிலிருந்து அவள் கல்லூரிக்கு வரவில்லை. செய்தி அனுப்பியவர் வருகிறார், வகுப்பெடுக்கிறார்.

7இசட் வடிவத்தில் சேமித்து, 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டிருந்தால் பெயர்களும் மறைந்திருக்கும். அந்த டிக் தானாக விழுவதில்லை.

கோப்பின் நகல் என்னிடம் இருக்கிறது, பாஸ்வேர்டு அவளிடம். புகார் கொடுக்கச் சட்டம் பொதுவாகத் தரும் கெடு மூன்று மாதம். இன்னும் இருபது நாள் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன்.