பூட்டிக் கிடந்த மூன்று காலரிகள்

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தி. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் அக்கா மகளிடம் கேட்டார்: "என்னம்மா படிக்கிறே?"

"ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட், தாத்தா."

"அப்ப பி.டி. டீச்சராப் போகப்போறியா?"

"இல்ல தாத்தா, போட்டி நடத்துறது, அதோட நிர்வாகம்…"

"அதுக்கா மூணு வருஷம்? பந்தைத் தூக்கிப் போட்டா அவனுங்களே ஆடிட்டுப் போறானுங்க!"

பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்குத்தான் பாயசம் இறங்கவில்லை.

பெரியவர் சொன்னது அவர் ஒருவரின் கருத்தல்ல. ஆடியவனுக்கு நடத்தத் தெரியும். ஆடாதவனுக்குச் செல்வாக்கு இருந்தால் போதும். இதற்கென்று ஒரு பட்டமா என்பது ஊர் நம்பிக்கை. நம் விளையாட்டுச் சங்கங்கள் பலவும் காலங்காலமாக இதன் மேல்தான் ஓடுகின்றன. கிராமத்துக் கபடிப் போட்டிக்கு இது போதும். அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைச் சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்திலேயே பார்த்தோமே.

2011 உலகக் கோப்பைக்காக அந்த மைதானத்தைப் புதுப்பித்துக் கட்டினார்கள். கண்ணைப் பறிக்கும் கூரை. ஆனால் ஐ, ஜே, கே என்ற மூன்று காலரிகள் அனுமதிச் சிக்கலில் மாட்டி, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள். தொலைக்காட்சியில் பந்து அந்தப் பக்கம் பறக்கும்போதெல்லாம் காலி வரிசைகள் பல்லைக் காட்டும். 2019 ஐபிஎல் இறுதிப் போட்டி சென்னைக்கு வந்திருக்க வேண்டியது. அந்த மூன்று காலரிகளைத் திறக்க முடியாததால் ஹைதராபாத்துக்குப் போனது. அங்கே சென்னை மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. சேப்பாக்கத்தில் ஆடியிருந்தால் ஜெயித்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே மும்பையிடம் அதே வாரம் சேப்பாக்கத்திலும் தோற்றவர்கள்தான். ஆனால் சொந்த ஊரில் இறுதிப் போட்டி ஆடும் வாய்ப்பைப் பறித்தது எந்தப் பந்துவீச்சாளரும் இல்லை, ஒரு கோப்பு. கட்டட அனுமதி, தீயணைப்புச் சான்று, ஆள் வெளியேறும் வழி இதெல்லாம் கவர் டிரைவ் அடிக்கத் தெரிந்தால் தானாக வந்துவிடும் அறிவல்ல.

காலரி போனால் போகட்டும். மனிதர்கள் போன கதை உண்டு.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளைக் கூலிக் குடும்பத்துப் பெண். அவருக்குப் பக்கத்தில் நின்று, "இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது? இதை எதிர்த்து எந்த மன்றத்துக்குப் போகலாம்? எத்தனை நாள் கெடு?" என்று கேட்க ஒரு ஆள் இல்லை. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் விளையாட்டு வழக்குகளுக்கென்றே ஒரு நடுவர் மன்றம் அப்போதே இருந்தது. அங்கே மேல்முறையீட்டுக்குப் பொதுவாக 21 நாள்தான் அவகாசம். நம் வீட்டில் பத்திரப் பதிவுக்கே அதைவிட அதிக நாள் அலைகிறோம்.

எட்டு ஆண்டுகள் கழித்து ஒடிசாவின் டூட்டீ சந்துக்கு ஏறக்குறைய அதே நிலைமை. 2014 காமன்வெல்த் போட்டி அணியிலிருந்து அவரை நீக்கினார்கள். இந்த முறை பக்கத்தில் ஆள் இருந்தது. விளையாட்டில் பாலினம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்திருந்த பயோஷ்ணி மித்ரா உடன் நின்றார். விளையாட்டு வழக்குகள் தெரிந்த வழக்கறிஞர்கள் வந்தார்கள். லொசானில் வழக்கு நடந்தது. 2015 ஜூலையில் அவரைத் தடுத்த விதியையே நிறுத்தி வைத்தது மன்றம். டூட்டீ 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வென்றார்.

இரண்டு பேரும் வேகமாகத்தான் ஓடினார்கள். ஒருவருக்காக வாதாட விஷயம் படித்தவர்கள் இருந்தார்கள், இன்னொருவருக்கு இல்லை. மித்ரா படித்தது மேனேஜ்மென்ட் இல்லையே என்று யாரேனும் மடக்கலாம். நான் சொல்வதும் அதுதான்: விளையாட்டை ஆடுகளத்துக்கு வெளியே நின்று ஒரு துறையாகப் படித்தவர். அந்தப் படிப்பைப் பார்த்துத்தான் நாம் பந்தியில் உட்கார்ந்து சிரிக்கிறோம்.

பதக்கம் மட்டுமல்ல, உயிரே போனதும் உண்டு. 2025 ஜூன் 4, பெங்களூரு. ஐபிஎல்லின் பதினெட்டாவது சீசனில் முதல் கோப்பை வென்ற பெங்களூரு அணியைப் பார்க்கச் சின்னசாமி மைதான வாசல்களில் கூட்டம் நெரிந்து 11 பேர் இறந்தார்கள். எந்த வாசலில் எத்தனை பேர், எந்த நிமிடத்தில் கூட்டத்தைத் திருப்ப வேண்டும் என்பது கணக்கு. இங்கிலாந்தில் 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசல் 97 உயிர்களை வாங்கிய பிறகு, அந்த நாடு தன் பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் பகுதிகளையே எடுத்துவிட்டு இருக்கைகள் போட்டது. இப்படிச் செத்தவர்களிடமிருந்து கற்ற பாடங்களும் இந்தப் படிப்பில் உண்டு.

"ஆடியவர்களே நடத்தட்டும்" என்பவர்களுக்கு ஒரு சேதி. மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய, மூன்று உலகக் கோப்பை கண்ட தென்கொரியாவின் பார்க் ஜி-சுங், ஓய்வு பெற்றபின் ஃபிஃபா மாஸ்டர் என்ற முதுகலைப் படிப்பில் மாணவராகப் போய் உட்கார்ந்தார். ஆடத் தெரிந்தது போதும் என்று அவரே நினைக்கவில்லை. அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழகம் 1966இலேயே இதற்கு முதுகலைப் பட்டம் தொடங்கிவிட்டது. நாம் 2022 ஆகஸ்டில், கால்பந்துக் கூட்டமைப்பு நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று ஃபிஃபாவிடம் தடை வாங்கி, பதினைந்து நாளுக்குள் ஓடியாடி நீக்க வைத்தோம். மல்யுத்தக் கூட்டமைப்புக்கும் 2023இல் ஒரு சர்வதேசத் தடை. இரண்டிலும் வீரர்கள் செய்த தப்பு எதுவுமில்லை.

பட்டம் வாங்கியவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. டாக்டருக்குப் படித்தவரும்தான் தவறு செய்கிறார். அதற்காக ஆபரேஷன் கத்தியை யாரும் மாமாவிடம் கொடுப்பதில்லை. இந்தப் படிப்புக்கு ஐபிஎல் நட்சத்திரங்களின் படத்தைப் போட்டு, லட்சங்களில் கட்டணம் வாங்கி, செல்ஃபி எடுக்கும் ஆசையை விற்கும் கல்லூரிகள் மேல் எனக்கும் கோபம் உண்டு. பெரியவரின் சிரிப்பில் பாதி அவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது.

அக்கா மகள் இப்போது ஒரு மாவட்டத் தடகளப் போட்டியில் தன்னார்வலராக இருக்கிறாள். முதல் நாள் அவளுக்குக் கொடுத்த வேலை, மைதானத்துக்கு எத்தனை கதவு, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் திறக்கும் என்று எழுதி வருவது. நான்கில் ஒன்று பூட்டியிருந்ததாம். சாவி யாரிடம் என்று மாலை வரை யாருக்கும் தெரியவில்லை.