கடிதம் யார் பெயருக்கு வரும்?

நான் வளர்ந்தது அம்பாங்கில் ஒரு வாடகை வீட்டில். வீட்டின் பின்புறம் ஒரு காலி நிலம் இருந்தது. மாலையில் அங்கே பந்து விளையாடுவோம். மழை பெய்தால் தண்ணீர் அங்கேயே தேங்கி, மெல்ல வடியும். நான் படிவம் மூன்றில் இருந்தபோது ஒரு நாள் காலையில் மண்வாரி இயந்திரம் வந்து நின்றது. அடுத்த வாரம் தகர வேலி எழுந்தது. என்ன கட்டப் போகிறார்கள், எத்தனை மாடி, மழைத் தண்ணீர் இனி எந்தப் பக்கம் போகும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

வாடகை வாங்க வந்த வீட்டுக்காரரிடம் அம்மா கேட்டார். "கடிதம் வந்ததே! ஆட்சேபம் இருந்தால் எழுதச் சொன்னார்கள். நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்றார் அவர். அவர் குடியிருந்தது செராஸில். சட்டப்படி கடிதம் போக வேண்டியவருக்குத்தான் போயிருக்கிறது. ஆனால், அந்த ஆண்டு இறுதி மழையில் தண்ணீர் புகுந்தது எங்கள் சமையலறைக்குள்.

மாணவர்களே, "ஒரு திட்டம் வரும்போது யாரைக் கேட்க வேண்டும்?" என்ற கேள்வி அன்று எனக்குள் விழுந்தது. மேம்பாடு பற்றிப் பேசும்போது எத்தனை மாடி, என்ன விலை என்று கேட்கிறோம். யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

சட்டம் யாரை அண்டை வீட்டார் என்கிறது?

தீபகற்ப மலேசியாவின் மாநிலங்களில் நிலத் திட்டமிடலை நடத்துவது 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். அதிகாரிகள் இதைச் சட்டம் 172 என்பார்கள். ஒரு நிலத்தில் வீடமைப்புத் திட்டம் கட்ட வேண்டுமானால், முதலில் ஊராட்சி மன்றத்திடம் திட்டமிடல் அனுமதி பெற வேண்டும். அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் எதுவும் இல்லையென்றால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபத்தைக் காரணத்துடன் எழுதித் தர வேண்டும். நேரில் பேச வேண்டும் என்று அதில் கேட்டிருந்தால், 30 நாளுக்குள் மன்றம் அவரை அழைத்து விசாரிக்க வேண்டும்.

பக்கத்து நிலம் எது என்பதற்கும் கணக்கு உண்டு. எல்லையை ஒட்டிய நிலம். 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, சந்து, வடிகால் அல்லது ஒதுக்கு நிலத்துக்கு அப்பால் உள்ள நிலம். முட்டுச் சாலை வழியாகப் போகும் திட்டமென்றால், அதே சாலையைப் பயன்படுத்தும் 200 மீட்டருக்குள் உள்ள நிலம். தூரத்தை மீட்டர் கணக்கில் அளந்து சொல்லும் இந்தப் பிரிவு, உரிமையாளரைப் பற்றித்தான் பேசுகிறது. அங்கே 20 ஆண்டு வாடகைக்குக் குடியிருப்பவர், தற்காலிக வீட்டில் மூன்று தலைமுறையாக வாழ்பவர் ஆகியோருக்குக் கடிதம் அனுப்பும் கட்டாயம் அதில் இல்லை.

பிறகு கேட்டால் என்ன?

"கட்டட்டும், பிரச்சினை வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வார்கள். அம்பாங் வட்டாரத்தில் வாழ்பவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி, உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் பின்னால் இருந்த சரிவில் நிலச்சரிவு ஏற்பட்டிருந்தது. சரிவில் இறங்கிய தண்ணீரும், அதைத் தாங்காத வடிகால்களும், பலமற்ற தாங்குசுவர்களும் பின்னர் நீதிமன்றத்தில் விரிவாகப் பேசப்பட்டன.

எஞ்சியிருந்த கட்டடங்களின் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம், அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் அவர்களுக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்பு தருகிறது என்பதே அடிப்படை. அந்தத் தீர்ப்பு நமக்குச் சொல்லும் பாடம் எளிது. கட்டடம் எழுந்த பிறகு கேட்கும் கேள்விக்குப் பதில் கிடைப்பது கடினம். கேட்க வேண்டிய நேரம் அனுமதிக்கு முந்திய நேரம்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. நம் வீட்டுக்குப் பக்கத்தில் வரும் திட்டத்தை முடிவு செய்பவரை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே, ஆட்சேபக் கடிதமும் விசாரணையும் சாதாரண விஷயங்கள் அல்ல. மக்கள் நேரடியாகப் பேச எஞ்சியிருக்கும் சில கதவுகளில் அவையும் ஒன்று.

கியாராவில் நடந்தது

அந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய வழக்கு, அம்பாங்குக்கு வெளியே, கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் எழுந்தது. அங்கே ரிம்பா கியாரா என்ற பூங்கா இருக்கிறது. அதன் ஓரத்தில் நீண்ட வீடுகள் இருக்கின்றன. அங்கு வாழ்ந்தவர்கள் பழைய புக்கிட் கியாரா தோட்டத்துத் தொழிலாளர்களும் அவர்களின் பிள்ளைகளும். நம் மக்கள். தோட்ட நிலம் மேம்பாட்டுக்குப் போனபோது, 1982இல் அவர்களை இந்த நீண்ட வீடுகளுக்கு மாற்றினார்கள். "இது தற்காலிகம்தான், நிரந்தர வீடு வரும்" என்பது அன்று தரப்பட்ட வாக்குறுதி.

ஆண்டுகள் ஓடின. 2017ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் தேதி, கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் டத்தோ பண்டார் ஒரு மேம்பாட்டு அனுமதி வழங்கினார். சுமார் 12 ஏக்கரில், 42 முதல் 54 மாடி வரையிலான எட்டு அடுக்குமாடிக் கட்டடங்கள். கூடவே 29 மாடியில் 350 வீடுகள் கொண்ட ஒரு கட்டுப்படி விலைக் கட்டடம். நீண்ட வீட்டு மக்கள் காத்திருந்த நிரந்தர வீடு இந்தக் கடைசிக் கட்டடத்தில்தான் இருந்தது.

சுற்றியிருந்த அடுக்குமாடிகளின் நிர்வாக அமைப்புகளும் குடியிருப்பாளர்களும் எதிர்த்தார்கள். 2004இல் அரசிதழில் வெளியான கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம் 2020, அந்த இடத்தைப் பொதுத் திறந்தவெளியாகக் காட்டியிருந்தது. அதை மீறி அனுமதி கொடுக்கலாமா என்பது அவர்களின் கேள்வி. உயர் நீதிமன்றம் 2018இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஜனவரியில் அனுமதியை ரத்து செய்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி, நீதிபதி நளினி பத்மநாதன் தலைமையிலான கூட்டரசு நீதிமன்ற அமர்வு அந்த ரத்தை உறுதி செய்தது.

தீர்ப்பில் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கட்டமைப்புத் திட்டம் விருப்பப்படி ஒதுக்கிவைக்கும் காகிதம் அல்ல. அதிலிருந்து விலகினால் காரணம் சொல்ல வேண்டும். இரண்டாவது, பாதிக்கப்படும் குடியிருப்பாளர்களும் அவர்களின் நிர்வாக அமைப்புகளும் நீதிமன்றம் போகலாம். மூன்றாவது, அனுமதி கொடுப்பவருக்கும் அனுமதி கேட்பவருக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. நில உரிமை வைத்திருந்த அறவாரியத்தின் வாரியத்தில் டத்தோ பண்டாரும் இருந்ததை நீதிமன்றம் நலன் முரண்பாடாகக் கண்டது.

நல்ல தீர்ப்பு. நானும் மகிழ்ந்தேன். ஆனால், மகிழ்ச்சியின் நடுவே ஒரு கேள்வி உறுத்தியது. அன்று மாலை நீண்ட வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்?

எதிரெதிரே நிறுத்தப்பட்ட அயலார்

பூங்காவைக் காக்க வந்தவர்களிடம் நிலப்பட்டா இருந்தது, நிர்வாக அமைப்பு இருந்தது, வழக்கறிஞரை வைக்க வசதி இருந்தது. நீண்ட வீட்டு மக்களிடம் இருந்தது ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியை எட்டு வானளாவிய கட்டடங்களோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அதனால், பூங்கா வேண்டும் என்பவர் ஏழையின் வீட்டுக்கு எதிரி போலவும், வீடு வேண்டும் என்பவர் பசுமைக்கு எதிரி போலவும் தோற்றம் உண்டானது. உண்மையில், நீண்ட வீடுகள் இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு நிரந்தர வீடு கட்டிக் கொடுங்கள் என்று பூங்காவுக்காகப் போராடியவர்களும் சொல்லிவந்தார்கள்.

அனுமதியை ரத்து செய்ய நீதிமன்றத்தால் முடியும். வீடு கட்டிக் கொடுக்க முடியாது. 1982இல் பிள்ளைகளாக அந்த வீட்டுக்குள் நுழைந்தவர்கள், தீர்ப்பு நாளில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் வயதில் இருந்தார்கள். 41 ஆண்டு நீடித்ததைத் தற்காலிகம் என்று எந்த அகராதியை வைத்துச் சொல்வது?

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. அமெரிக்காவில் நகரும் வீடுகள் என்று ஒரு வகை உண்டு. தொழிற்சாலையில் செய்து, வண்டியில் இழுத்துவந்து, ஒரு மனையில் நிறுத்துவார்கள். பெயர்தான் நகரும் வீடு. நிறுத்திய பிறகு பெரும்பாலானவை நகர்வதே இல்லை. பலருக்கு வீடு சொந்தம், மனை வாடகை. நில உரிமையாளர் நிலத்தை விற்றுவிட்டால், சொந்த வீட்டை வைத்துக்கொண்டே நடுத்தெருவுக்கு வர வேண்டியதுதான். அப்படிப்பட்ட குடியிருப்பு ஒன்றைப் புதிதாக அமைக்க விண்ணப்பம் வந்தால், உள்ளூர்த் திட்டமிடல் குழு பொது விசாரணை நடத்தும். அங்கும் பெரும்பாலும் குரல் எழுப்புவது சுற்றியுள்ள வீட்டு உரிமையாளர்கள்தான். நாளை அங்கே வாழப் போகிற குடும்பம் அந்த அறையில் இருப்பதில்லை.

அதற்கு அவர்கள் கண்ட ஒரு வழி, நமக்குப் பழக்கமான வழிதான். நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தில் 1984 முதல், குடியிருப்பாளர்களே கூட்டுறவு அமைத்து, கடன் பெற்று, தங்கள் வீடுகள் நிற்கும் நிலத்தை வாங்கத் தொடங்கினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதே எண்ணத்தில்தானே! தொழிலாளி தன் சேமிப்பைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்றார் அவர். நிலத்தில் பங்கு இருப்பவரின் பெயருக்குத்தான் கடிதம் வரும் என்பதை அன்றே உணர்ந்தவர்கள் நம் முன்னோர்.

நாம் என்ன செய்யலாம்?

சட்டம் மாற வேண்டும் என்பது என் கருத்து. திட்டத்துக்கு அருகில் வசிப்பவர், உரிமையாளரோ வாடகைதாரரோ, நேரடியாக அறிவிப்புப் பெற வேண்டும். நீண்ட வீடு போன்ற தற்காலிகக் குடியிருப்புகளுக்கு, நிரந்தர வீடு எங்கே, எந்த ஆண்டுக்குள் என்பது எழுத்தில், பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். வேறொரு பெரிய திட்டத்தின் வாலில் அதைக் கட்டிவிடக் கூடாது. எல்லாருக்கும் கடிதம் அனுப்பினால் திட்டங்கள் தாமதமாகும், வீட்டு விலை ஏறும் என்று மேம்பாட்டாளர்கள் சொல்லக்கூடும். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், கியாராவில் அனுமதிக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஏறக்குறைய ஆறு ஆண்டு ஓடியது. முதலிலேயே கேட்பதைவிடப் பிறகு வழக்காடுவதுதான் நீண்ட வழி.

சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஊராட்சி மன்றம் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் காலம் வரும். அப்போது கருத்துச் சொல்ல நிலப்பட்டா தேவையில்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் எழுதலாம். அந்த வரைபடத்தில் உங்கள் தெருவைத் தேடுங்கள். விளையாட்டுத் திடல் என்ன நிறத்தில் இருக்கிறது? வடிகால் ஒதுக்கு எங்கே? தமிழ்ப்பள்ளி, கோயில் நிலங்கள் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கின்றன? வரைபடம் அரசிதழில் வந்துவிட்டால், பிறகு தனித்தனித் திட்டங்களுக்குப் பக்கத்து நிலத்தாருக்குக்கூட 21ஆம் பிரிவின் கடிதம் கட்டாயமில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அறிவிப்புகள் மலாய் மொழியில், சட்ட நடையில் இருக்கும். எஸ்.பி.எம். மலாய்மொழித் தாளுக்குப் படித்த உங்களுக்கு அது பெரிய தடை அல்ல. தோட்டத்தில் வளர்ந்த உங்கள் பாட்டிக்குத் தடைதான். அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். தெருவில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தால் நின்று படியுங்கள். நீங்கள் வாடகைக்கு இருந்தால், "மன்றத்திலிருந்து ஏதாவது கடிதம் வந்ததா?" என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

என் அம்மா கேட்டது இயந்திரம் வந்த பிறகு. அதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. உங்கள் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள்.